புது மருந்துச் சோதனையும் நோயாளியின் சம்மதமும்: ஒரு மஸ்அலா விளக்கம்

ஆம்பூரில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது, ஷூ கம்பெனியில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் அம்மிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். அதில் சேருகிறீர்களா என்று கேட்டு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் தமிழில் இருக்கிறது. அம்மிக்கு உர்தூ தவிர வேறு படிக்க வராது. நான் மகன்தானே, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாமா? இதெல்லாம் மார்க்கத்தில் கூடுமா?"

அவர் ஒரு கேள்வி கேட்டதாக நினைத்தார். உண்மையில் அது இரண்டு கேள்வி. சோதனையில் சேருவது ஆகுமானதா என்பது ஒன்று. தாயாருக்காக மகன் சம்மதம் கொடுக்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை சொல்வது எளிது. இரண்டாவதுதான் நம் மக்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிற மஸ்அலா.

முதலில் விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொள்வோம். ஒரு புதிய மருந்து கடைக்கு வருமுன் பிராணிகளிடத்திலும், பின்னர் சிறு எண்ணிக்கையில் மனிதரிடத்திலும், அதன் பின் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடத்திலும் படிப்படியாகப் பரீட்சிக்கப்படுகிறது. இதைத்தான் 'கிளினிக்கல் டிரயல்' என்கிறார்கள். நாம் இன்று விழுங்கும் காய்ச்சல் மாத்திரையும், நம் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியும் எவரோ சிலர் முன்வந்து தம் உடலைக் கொடுத்ததால் நமக்குக் கிடைத்தவையே. அவர்களில் நம் ஊர்ப்பக்கத்தாரும் உண்டு. ரோட்டா வைரஸால் குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் 'ரோட்டாவேக்' சொட்டு மருந்து 2011 முதல் டில்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பரீட்சிக்கப்பட்டது. மூவரில் இருவருக்கு மருந்து. ஒருவருக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத வெற்றுத் துளி. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 2014இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்ற குழந்தைகளிடம் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 2016 முதல் அது அரசாங்கத்தின் இலவசத் தடுப்பு மருந்துகளில் சேர்ந்தது.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாத நோய்க்கு மரபணுவை மாற்றிச் செய்த சிகிச்சை ஐந்து நோயாளிகளிடம் பரீட்சிக்கப்பட்டு, 2024 டிசம்பரில் அதன் விவரம் வெளியிடப்பட்டது. ஐவருக்கும் சிகிச்சைக்குப் பின் இரத்தப்போக்கு நின்றிருந்தது. நம் வீடுகளில் இந்நோய் சில சமயம் கத்னா நாளில்தான் வெளிப்படும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். தாய்வழியில் மாமனுக்கோ அண்ணனுக்கோ அப்படி இரத்தம் நிற்காமல் போயிருந்தால், மருத்துவரைக் கேளாமல் பிள்ளைக்குக் கத்னா செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றிருந்தால் தள்ளிப்போட மார்க்கம் இடம் தருகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் ஹனஃபீ மத்ஹபின் ஆலம்கீரி ஃபத்வா நூலில், தீங்கை நீக்கும் காரணங்கள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பசிக்கு உணவும் தாகத்துக்குத் தண்ணீரும் போல உறுதியானவை முதல் தரம். அவற்றை விட்டு ஒருவன் செத்தால் பாவி ஆவான். மருந்து இரண்டாம் தரம்: குணம் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கது, ஆனால் உறுதி இல்லை. இதை விட்டவர் மீது குற்றமில்லை. மூன்றாவது, குணம் வரலாம் என்ற வெறும் எண்ண அளவில் நிற்பது. இப்போது யோசித்துப் பாருங்கள்: பல்லாண்டு அனுபவத்தில் நிலைபெற்ற மருந்தே இரண்டாம் தரமென்றால், இன்னும் பரீட்சையில் இருக்கும் மருந்து அதற்கும் கீழேதான். (பிறருக்குத் தொற்றும் நோய்க்கு நிலைபெற்ற மருந்து இருக்கும்போது அதை மறுப்பது வேறு மஸ்அலா, அங்கே அண்டை வீட்டாரின் உயிர் குறுக்கிடுகிறது.) ஆகவே சோதனையில் சேருவது எவர் மீதும் கடமையல்ல. தீங்கு மிகைக்காது என்று விஷயமறிந்தவர் சொல்ல, தனக்கும் பிறருக்கும் நன்மை கிடைக்கலாம் என்ற நிய்யத்தோடு ஒருவர் சேர்ந்தால் அது ஆகுமானதே. பிறருக்குப் பயன்படும் நாட்டம் இருப்பின் நற்கூலியையும் ஆதரவு வைக்கலாம்.

சீட்டுக் குலுக்கியதைப்போல ஒருவருக்குப் புது மருந்தும் இன்னொருவருக்குப் பழைய மருந்தும் கொடுப்பது சூதாட்டம் ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. எது மேலானது என்று தெரியாத நிலையில், உரிமையில் சமமானவர்களிடையே குர்ஆ போடுவது நபி (ஸல்) அவர்களின் வழிமுறையில் உள்ளதே. வெற்று மருந்து கொடுப்பது மோசடி ஆகாதா? 'உங்களுக்கு வெற்று மருந்தும் வரலாம்' என்று முன்கூட்டியே சொல்லி, விளங்கவைத்து, அவர் ஒப்புக்கொண்டிருந்தால் மோசடி இல்லை. சொல்லாமல் கொடுத்தால் மோசடிதான்.

ஆக எல்லாமே சம்மதத்தில் வந்து நிற்கிறது. அந்தச் சம்மதம் யாருடையது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கடைசி நோயின்போது நடந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. மயக்க நிலையில் இருந்த நபியவர்களின் வாயோரத்தில் வீட்டார் மருந்தை ஊற்ற முற்பட்டார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்து என்றால் வெறுப்பு இருப்பது இயல்புதானே என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்தபின் நபியவர்கள், தாம் தடுத்திருந்தும் ஏன் செய்தீர்கள் என்று கேட்டு, வீட்டிலிருந்த எல்லோர் வாயிலும் அதே மருந்தைத் தம் கண்முன்னே ஊற்றச் செய்தார்கள். அந்த வேளையில் அங்கே இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்கள் மட்டும் விலக்குப் பெற்றார்கள்.

ஊற்றியவர்கள் அந்நியர்களா? அன்பில் உருகிப்போயிருந்த குடும்பத்தார். கொடுத்தது விஷமா? மருந்து. அப்படியிருந்தும் புத்தி தெளிவோடு இருக்கும் நோயாளியின் மறுப்பைத் தாண்டியது ஏற்கப்படவில்லை. வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி துஆ கேட்டு வந்தபோதும், பொறுத்திருந்து சுவர்க்கம் பெறுவதா, துஆவின் மூலம் குணம் பெறுவதா என்று அவரிடமே நபியவர்கள் விட்டுவிட்டார்கள். அவருடைய தகப்பனாரையோ கணவரையோ அழைத்துக் கேட்கவில்லை. நம் சட்ட நூல்களும், மருத்துவர் தொழில் தெரிந்தவராகவும் நோயாளியின் அனுமதி பெற்றவராகவும் இருந்தால்தான் தீங்கு நேரும்போது நஷ்டஈட்டுப் பொறுப்பிலிருந்து நீங்குவார் என்கின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவர் பொறுப்பாளிதான்.

ஆகவே அந்த வாலிபருக்கு நான் சொன்னது: உங்கள் தாயார் பருவமடைந்த, புத்தியுள்ள ஒரு முஸ்லிம் பெண்மணி. அவருடைய உடலுக்கு நீங்கள் வலீ அல்ல. படித்துக் காட்டலாம், யோசனை சொல்லலாம், கூடப் போகலாம். கையெழுத்து அவருடையது, எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு அவருடையது.

'உர்தூ மட்டும் தெரிந்தவருக்குத் தமிழ்க் காகிதம் கொடுத்தால் நாம் என்ன செய்வது?' என்பீர்கள். கேட்க வேண்டும். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகளின்படி, சோதனைக்கு உட்படுபவருக்கு விளங்கும் மொழியிலேயே விவரம் தரப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவராயின், சோதனையோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது. சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. முதல் நோயாளியைச் சேர்க்குமுன் அந்தச் சோதனை அரசாங்கப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ தாய்மார்கள் பேசும் மொழி ஒன்றும் கையெழுத்துப் போடும் காகிதத்தின் மொழி வேறொன்றுமாக இருக்கிறார்கள். பேங்கிலும் ரேஷன் கடையிலும் பழகிப்போய், எங்கே காட்டினாலும் விரலை வைத்துவிடுகிறார்கள். இங்கே அப்படி வைக்கக்கூடாது.

பிறர் கையெழுத்தால் வந்த சங்கடத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி சுமார் 14,000 சிறுமிகளுக்குப் போடப்பட்டது. ஏராளமான சிறுமிகள் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே அவர்களுக்காகக் கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறக்கவே 2010இல் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு கருதியது; அதே ஊசி இன்று உலகெங்கும் பயனில் இருக்கிறது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையை 2013இல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது.

நம் எத்தீம்கானா நிர்வாகிகளும், மதரஸா விடுதி நாஜிர்களும் இதை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். ஒரு பிள்ளையை நம்மிடம் ஒப்படைத்தவர் அவனுடைய ஓதலையும் சாப்பாட்டையும் ஒப்படைத்தார். அவன் உடலைப் பரீட்சைக்குக் கொடுக்கும் அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை. டேனரி மேஸ்திரிமாருக்கும், கம்பெனி பஸ்ஸில் பெண்களை அழைத்துவரும் சூப்பர்வைசர்களுக்கும் இதுவே பதில். 'எல்லோரும் போடுங்கள்' என்று மேலே இருப்பவர் சொல்லி வாங்கும் சம்மதம் நிர்ப்பந்தத்தின் வாடை உடையது.

1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதையே வலியுறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கு முழுத் தகுதியுள்ளவரின் சம்மதம் வேண்டும். கைதியிடம் போன்ற கட்டாயமோ, வறியவரிடம் போன்ற பண ஆசைகாட்டலோ அதில் கலந்திருக்கக்கூடாது என்பது அதன் தீர்மானம். போக்குவரத்துச் செலவும் போன ஒரு நாள் கூலியும் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. கடனை அடைக்கவென்று உடலை வாடகைக்கு விடுவது வேறு. உடல் அல்லாஹ்வின் அமானத்து, நம் சரக்கு அல்ல. சிறு பிள்ளைகள் விஷயத்தில் அதே தீர்மானம் இன்னும் கண்டிப்பானது: வலீ ஒப்புக்கொண்டாலும் அவர்கள் மீது ஆய்வு கூடாது என்றது. அப்படியானால் ரோட்டாவேக் போன்றவை? அந்தக் குழந்தைகளையே தாக்க இருக்கும் நோயிலிருந்து அவர்களையே காக்கும் முயற்சியை, பிள்ளைக்கு எந்தப் பயனுமில்லாத ஆய்வோடு சேர்த்து எண்ணலாகாது என்பது இந்த எளியவனின் கருத்து. மூத்த உலமாக்கள் இதை ஆராய்ந்து தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாவேன்.

சம்மதம் கொடுத்தபின் உள்ள கடமையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். 193 நோயாளிகளைக் குர்ஆ முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெருக்கமான குடிசைகளில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் இது வெளியானதும் உலகமெங்கும் சிகிச்சை முறையே மாறியது. அந்தச் சோதனையில் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஏன்? 'விழுங்கினேன்' என்று சொல்லிவிட்டு விழுங்காதவர்கள் இருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இத்தகைய சோதனை ஒன்றில் இருந்தார். நாளைக்கு மூன்று வேளை மாத்திரை. ரமளானில் நோன்பு வைத்து, நடுப்பகல் மாத்திரையை விட்டுவிட்டு, அட்டையில் மட்டும் மூன்று வேளையும் குறித்து வந்தார். அதைத் தக்வா என்று எண்ணி என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். "நோன்பை அல்லாஹ் கபூல் செய்வானாக; அட்டையில் எழுதியது பொய்யல்லவா?" என்றேன். மௌனமானார். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையைக் குர்ஆனே கொடுத்திருக்கிறது. அல்லது, 'நான் நோன்பு வைப்பேன், இந்த மாதம் முடியும்வரை என்னைச் சேர்க்காதீர்கள்' என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்க் குறிப்பை நம்பி மருந்தின் அளவைத் தீர்மானித்தால், நாளை முகம் தெரியாத ஒருவர் உடலில் அதன் விளைவு இறங்கும். நாட்டு மருந்து, லேகியம் முதலியவை சாப்பிடுவதை மறைப்பதும் இந்த வகைதான்.

மருந்தில் ஹராமான பொருள் கலந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு மருந்தே இல்லை, இதில் குணம் உண்டென்று தெரியும் என்ற நிலையில்தான் பின்வந்த ஹனஃபீ அறிஞர்கள் அதற்கு இடம் தந்தார்கள். குணம் உண்டா என்பதையே இனிமேல்தான் அறியப்போகிறார்கள் என்கிற மருந்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

அந்த வாலிபர் மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தார். ஆஸ்பத்திரியில் உர்தூ தெரிந்த ஒரு நர்ஸம்மா, அம்மியை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினாராம். எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள், ரமளானில் என்ன செய்வது, இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று வீட்டில் எவருக்கும் தோன்றாத கேள்விகளை அம்மியே கேட்டிருக்கிறார். பழைய மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, வழக்கமான மருந்தையே எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னாராம்.