மேலதிகாரியின் தயவு என்னும் பிரமை

"காக்கா பிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சார் புரமோஷன், வேலை தெரிஞ்சு என்ன பிரயோசனம்?" என்னும் பேச்சு, ஆலையென்றும் வங்கியென்றும் மென்பொருள் கம்பெனியென்றும் பேதமில்லாமல், உத்தியோகம் பார்க்கும் இளைஞர் கூடும் இடமெல்லாம் என் செவியில் விழுந்தவண்ணம் இருக்கிறது. படிப்பை முடித்து வேலைக்கு வந்து ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைகள்கூட, ஆயுள் முழுவதும் உழைத்து ஏமாந்தவர்களைப் போல இதனை ஒப்பிக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. தொழிலாளர் நல அதிகாரியாகக் கோயமுத்தூர் வட்டாரத்து ஆலைகளில் நெடுங்காலம் பணியாற்றி, பதவி உயர்வு நிர்ணயிக்கப்படும் அறைகளில் எத்தனையோ முறை உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த நம்பிக்கை பிழையானது, இதனை நம்பி நடப்பவன் தன் உத்தியோக வாழ்க்கைக்குத் தானே கேடு தேடிக்கொள்கிறான்.

முகஸ்துதியில் மயங்கும் அதிகாரிகள் இல்லையென்று யார் சொன்னார்கள்? இருக்கிறார்கள், அவர்களால் அநியாயமாக உயர்த்தப்பட்டவர்களையும் நான் அறிவேன். ஆனால் ஒரு மனிதருடைய பிரியத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு மேலேறியவனுடைய நிலை, அந்த மனிதருக்கு இடமாற்ற உத்தரவு வந்த பிற்பாடு என்ன ஆகிறது என்பதை இவர்கள் கவனிப்பதே இல்லை. புதிதாக வருகிற அதிகாரி முதல் மாதத்திலேயே பக்கத்து டிபார்ட்மென்ட் சூப்பர்வைசரிடமும், ஷிப்ட் ஃபோர்மேனிடமும், ஸ்டோர் கீப்பரிடமும் "ஆள் எப்படி?" என்று விசாரிக்கிறார். இத்தனை காலமும் மேலே பார்த்தே சிரித்துக்கொண்டிருந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒரு வணக்கமும் சொல்லாதிருந்தவனைப் பற்றி அவர்கள் அவதூறு பேச வேண்டியதில்லை. பதில் சொல்லச் சற்றுத் தயங்கினாலே போதும், கேட்டவர் புரிந்துகொள்வார்.

பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில், இரண்டாம் ஷிப்டு நடந்துகொண்டிருந்த ஓர் இரவு, பெரிய லேத் ஒன்றின் மோட்டார் பேரிங் நொறுங்கிப்போய், மறுநாள் காலையில் லாரியேற வேண்டிய சரக்கு பாதியில் நின்றுவிட்டது. கடைவீதி அடைத்த நேரம். கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்தப் பேரிங் இருப்பில் இல்லை என்று காட்டியது. மெயின்டனன்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர், ஸ்டோர் ஜன்னலண்டை போய், "ஏனுங்ணா, 6308 ஒண்ணு எங்கயாச்சும் இருக்குமுங்களா?" என்று கேட்டார். ஸ்டோர் கீப்பரான பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது கம்ப்யூட்டர்ல வராதுங்க தம்பி, போன வருசம் பழைய மிஷினைக் கழிச்சப்ப நல்லதா ரெண்டு எடுத்து மேல் ரேக்குல வெச்சேன், ஏறிப் பாருங்க" என்றார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மேலே சாக்பீஸால் எண் எழுதி வைத்திருந்த அந்தப் பேரிங் கிடைத்து, ஒன்றரை மணி நேரத்தில் லேத் ஓடியது. ஸ்டோர் கீப்பர் அதனை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்திருப்பாரா என்றால், மாட்டார். கணக்கில் வராத பொருளைக் கொடுத்தால் பின்னால் அவர்தாம் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பையனோ பொருள் கேட்கும் இண்டென்ட் சீட்டு ஒவ்வொன்றையும் தானே கொண்டுவந்து, பொருளின் உபயோகத்தை விளக்கி, மிஞ்சியதைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமுடையவன். அதைவிட முக்கியமான விஷயம், மறுநாள் ரிப்போர்ட்டில் அவன் தன் பெயருக்கு முன்னால் ஸ்டோர் கீப்பரின் பெயரை எழுதினான். பிற்பாடு உதவி மேலாளர் ஸ்தானத்துக்கு ஆள் தேடியபோது, அவனுடைய மேலதிகாரி வாய் திறக்குமுன்பே, வேறு பிரிவுகளைச் சேர்ந்த இருவர் அவன் பெயரைச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

இதற்கு எதிராக ஓர் ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வருவோரும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ரெட் லூதன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தம் சகாக்களுடன் 1988இல் வெளியிட்ட நூலில், விரைவாகப் பதவி உயர்ந்த மேலாளர்கள் தம் உழைப்பில் 48 சதவீதத்தை தொடர்புகளை வளர்ப்பதில் செலவிட்டதாகவும், தம் பிரிவின் காரியத்தைத் திறம்பட நடத்தியவர்கள் அதற்கு 11 சதவீதமே ஒதுக்கியதாகவும் காணப்படுவது மெய்தான். ஆனால் அந்த 48 சதவீதம் மேலதிகாரியின் அறை வாசலில் காத்து நின்ற நேரம் என்று பொருள்கொள்வது அபத்தம். பிற பிரிவினரோடும் ஸ்தாபனத்துக்கு வெளியே உள்ளவர்களோடும் பழகியதும் அதனுள் அடங்கும். நூலைப் புரட்டாமல் ஓர் எண்ணை மாத்திரம் பொறுக்கிக்கொண்டு வாதாடுவது படித்தவர்களுக்கு அழகல்ல.

"சந்தேகம் கேட்டால் மதிப்புப் போய்விடும்" என்பது அடுத்த பிரமை. பீட்டர் பிளா என்னும் சமூகவியலாளர் 1955இல் வெளியிட்ட நூலொன்றில், அமெரிக்க மத்திய அரசின் அலுவலகம் ஒன்றை வர்ணிக்கிறார். ஐயம் தோன்றினால் மேலதிகாரியைத்தான் கேட்க வேண்டும், சக ஊழியரைக் கேட்கலாகாது என்பது அங்கே விதி. ஆயினும் தம்மைத் தரம் பிரித்து மதிப்பிடும் மனிதரிடம் அறியாமையைக் காட்டிக்கொள்ள விரும்பாத ஊழியர்கள் ஒருவரையொருவர் கலந்தே வேலை செய்தார்கள். கேட்டவனுக்கு வழி கிடைத்தது. கேட்கப்பட்டவனுக்கு மரியாதை கிடைத்தது. கேட்பதனால் மதிப்புக் குறைவதில்லை. ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டால்தான் குறையும்.

நெருங்கிய சிநேகிதர்கள்தாம் வேலை வாங்கித் தருவார்கள் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில் மார்க் கிரானவெட்டர் என்னும் ஆராய்ச்சியாளர் விசாரித்து 1973இல் எழுதிய கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதமே, எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6, அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 27.8. நம்மோடு தினமும் பழகுபவர்களுக்கு நமக்குத் தெரிந்த செய்தியே தெரியும் என்பது காரணம். ஆகையால் வேலையை விட்டுப் போகும்போது சண்டையிட்டுக்கொண்டு போகாதீர்கள்; பழைய ஸ்தாபனத்தில் உடனிருந்தவர்களுக்கு எப்போதாவது ஒரு போன் செய்யுங்கள். மாலை விருந்துகளுக்குப் போகாதவன் பின்தங்குவான் என்ற பேச்சும், வாட்ஸ்அப் குழுவில் அன்றாடம் வணக்கப் படம் அனுப்புவதே உறவு என்ற எண்ணமும் மறுப்புக்குக்கூடத் தகுதியற்றவை.

அப்படியானால் உறவு வளரும் இடம் எது? உணவு மேஜை என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதைப் பற்றி நான் ஓயாமல் பேசுவதாக நண்பர்கள் குறை சொல்வதுண்டு, ஆயினும் சொல்லத்தான் செய்வேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கச் செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்கவும் விதித்தது. அதிகாரிக்கு ஒரு கூடம், சூப்பர்வைசருக்கு ஒரு கூடம், தொழிலாளிக்கு ஒரு கூடம் என்று பகுத்து வைக்கும்படி அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதனை நாமே ஏற்படுத்திக்கொண்டோம். குளிரூட்டிய அறைக்குள் தட்டு வைத்துக்கொண்டு தம்மைப் போன்ற நால்வரோடு மாத்திரம் சாப்பிடுகிறவருக்கு, மேல் ரேக்கில் என்ன இருக்கிறதென்று எவ்வாறு தெரியவரும்? நிர்வாகிகள் அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாளாவது பொதுக் கூடத்தில் வந்து அமரட்டும். பயிற்சிக்குச் சேரும் ஒவ்வொருவரையும் முதல் மூன்று மாதம் ஸ்டோர், மெயின்டனன்ஸ், டெஸ்பாட்ச் என்று மாற்றி மாற்றி ஒரு பிரிவினரோடு உட்கார்ந்து சாப்பிடும்படி ஏற்பாடு செய்யட்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டியதில்லை, தனி நிதியும் வேண்டியதில்லை. வருகிற மாதத்திலேயே தொடங்கலாம்.