மயிர் நடவில் இரு முறைகள்

கோட்டைக் கொச்சிக்கு எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவைச் சேர்ந்த ஒருவர், 2025 பிப்ரவரியில் கொச்சி நகரில் வழுக்கைக்காக மயிர் நடுவித்துக்கொண்டார். தலையில் நோய்த்தொற்று கண்டது. சதையைத் தின்னும் நுண்ணுயிர்கள் தலைத்தோலை அழித்தன. பலமுறை அறுவைக்கு உள்ளானார் என நாளிதழ்கள் அறிவித்தன. இத்தகைய செய்தியைப் படித்ததும், "எந்த முறையில் செய்தார்கள்?" என்றே பலரும் வினவுவர். அவ்வினாவை முதலில் ஆராய்வோம்.

ஆண்களின் வழுக்கை நெற்றியிலும் உச்சியிலும் பரவுமேயன்றிப் பிடரியைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆண்மை ஹார்மோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் என்னும் பொருள், பரம்பரையால் அதற்கு இளகும் மயிர்க்கால்களையே மெலிவிக்கிறது. பிடரி மயிர்க்கால்கள் அதற்கு மசிவதில்லை. பெயர்த்து முன்தலையில் நட்டாலும் அக்குணம் மாறுவதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஒகுடா 1939-இல் துளைக்கருவியால் மயிர்த்தோலைப் பெயர்த்து நட்டதை எழுதினார். போர்க்காலத்தில் அது வெளியுலகுக்கு எட்டவில்லை. நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் 1952-இல் வழுக்கைத் தலையில் நட்டுப் பார்த்து, 1959-இல் விளக்கி எழுதினார். அவர் பெயர்த்த துண்டுகள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம். ஆகவே மயிர் கற்றை கற்றையாய்ப் பொம்மைத்தலை போல் நின்றது. தலையினின்று வீழ்ந்த மயிரை இழிவுக்கு உவமை காட்டிய வள்ளுவர், பிடரி மயிர் நெற்றிக்கு உயர்ந்ததைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மயிர் இயற்கையில் ஒன்று முதல் நான்கு வரை சிறு குடும்பமாக முளைக்கிறது. இதனை 1984-இல் ஹெடிங்டன் விளக்கிய பின்னர், அக்குடும்பமே நடவின் அலகாயிற்று. இன்றைய இரு முறைகளிலும் நடுதல் ஒன்றே. நாற்றுப் பறிப்பதில்தான் வேற்றுமை.

பட்டை முறையில் பிடரித் தோலை ஒரு நீண்ட பட்டையாக அறுத்தெடுத்துத் தைத்துவிடுவர். பட்டையை நுண்ணோக்கியின்கீழ் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பர். வேர் சிதைவது குறைவு. ஆனால் கோடு போன்ற தழும்பு நிற்கும். மயிரை ஒட்ட வெட்டினால் அது தெரியும். துளை முறையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வாயுள்ள குழற்கருவியால் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே பெயர்ப்பர். ராஸ்மன், பெர்ன்ஸ்டைன் முதலியோர் 2002-இல் இதனை விளக்கி எழுதினர். தையல் இல்லை, நேரம் மிகுதி, கை தவறின் வேர் அறும். "தழும்பே இராது" என்னும் விளம்பரம் பொய். நூற்றுக்கணக்கான புள்ளித் தழும்புகள் இருக்கும். அளவின்றிப் பறித்தால் பிடரியே வெளிறும். கிராப்பை ஒட்ட வெட்டுவோர்க்குத் துளை முறையும், பெரிய பரப்பில் நட வேண்டியவர்க்குப் பட்டை முறையும் ஏற்றவை என்பது என் கருத்து.

எம்முறையாயினும் புதுமயிர் ஒன்றுகூடப் பிறப்பதில்லை. பிடரி ஒரு நாற்றங்கால். அதன் இருப்பு சில ஆயிரமே. இருபது வயதில் முன்நெற்றிக்கு அதைச் செலவிட்டால், நாற்பதில் உச்சி வெறுமையாகும்போது நடுவதற்கு நாற்றிராது. மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் முறையைவிட முந்தி வர வேண்டிய வினா, கருவியைப் பிடிப்பவர் யார் என்பது. துளை முறையில் தையல் இன்மையால் எவரும் செய்யலாம் என்னும் மயக்கம் எழுகிறது. ஆனால் மரப்பு மருந்து அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் தளரும். 2016 மே மாதத்தில் சென்னையில் நடவு செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் அதன்பின் இறந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, பயிற்சி பெற்ற தோல் மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவருமே இதற்குரியவர் என்கிறது; காணொளி பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றும் கூறுகிறது.

நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்வது இயல்பு. மூன்று நான்கு திங்களில் மீண்டும் முளைக்கும். ஆனால் காய்ச்சலும், பெருகும் வலியும், தோல் கருத்தலும் இயல்பல்ல. அவை கண்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.