வீட்டில் விமானம் அமைத்தல்

பட்டறைகள் மலிந்த நம் கோவையில், பம்பும் மோட்டாரும் செய்யும் கைகள் ஆகாய விமானமும் செய்யலாகாதோ என்று மாணவர் சிலர் வினவுகின்றனர். இவ்வாசை புதிதன்று. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் என்பார், 1910-இல் சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் அமைப்பித்துப் பறந்து காட்டினார்.

இக்காலத்தில் உறுப்புகள் தொகுதியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. எனினும், எடுத்த எடுப்பில் இறக்கையைத் தொடுதல் வேண்டா. வாற்பகுதியினின்று தொடங்குதலே நன்று. அது சிறிது, கெடினும் நட்டம் சிறிது, ரிவிட் அடிக்கக் கையும் பழகும்.

பம்பு நின்றால் பயிர் வாடும். விமானத்தில் ஓர் இணைப்பு விட்டால் உயிரே போம். ஆதலின் அன்றாட வேலையைக் குறித்து வைப்போம். அறிந்தார் கண்ணுக்குக் காட்டுவோம். அரசாங்க அனுமதியின்றிப் பறவோம். பிழைபட்ட உறுப்பை, உழைப்பு வீணாயிற்றே என்று இரங்காது ஒதுக்குதலே இக்கலையின் முதற்பாடம்.