எழுதப் பழகுதல்

கதையும் கட்டுரையும் எழுதவேண்டும் என்னும் விருப்பம் இளம்பருவத்தினர் பலர்க்கு உண்டு. ஆயின், எழுதுகோலைக் கையில் எடுத்த அளவிலே, ‘எதை எழுதுவது?’ என்னும் ஐயம் முன்வந்து நிற்கும். ஓங்கிய மலை, ஒலிக்கும் கடல், மன்னர் போர் ஆகியவையே எழுதத்தக்கவை என்றும், தம் தெருவிலும் வீட்டிலும் எழுதுதற்குரியது யாதும் இல்லை என்றும் அவர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையுடையது. அண்மையில் உள்ளதைக் கண் திறந்து காண்பதே எழுத்துக்கலையின் முதற்பாடமாகும்.

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தின் வடபால், வாய்க்கால் பாயும் வயல்களின் நடுவே அமைந்த ஊர் லால்குடி. திருத்தவத்துறை என்பது அதன் பழம்பெயர். முனிவர் எழுவர் பெயரால் வழங்கும் சப்தரிஷீசுவரர் திருக்கோயில் அங்கு உள்ளது. அவ்வூரின் பெயரைத் தம் பெயரின் முன்னெழுத்தாகத் தாங்கியவர் எழுத்தாளர் லா. ச. ராமாமிர்தம். அவர் 1916-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். ஆயினும் முன்னோர் வாழ்ந்த லால்குடியை மறவாதவர். நெடுங்காலம் வங்கியில் பணிபுரிந்துகொண்டே கதைகள் எழுதினார். அவர் எழுதிய ‘சிந்தாநதி’ என்னும் நூல் 1989-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 2007-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இத்தகையவர் பொருளைத் தேடிய இடம் யாது? பெரும்போர்களையும் அரண்மனைகளையும் அவர் நாடிற்றிலர். தாய், தந்தை, பாட்டி, உடன்பிறந்தார், அவரிடையே தோன்றும் அன்பு, பிணக்கு ஆகியவையே அவருக்குப் பெருஞ்செல்வமாயின. அவர்தம் நடை அவர்க்கே உரியது. தொடக்கநிலையில் உள்ள மாணவர் அதனைப் பின்பற்ற முயலவேண்டா. அவர் பொருள் தேடிய இடத்தை அறிந்துகொண்டால் போதும்.

கண்டதையெல்லாம் எழுதினால் கதையாகுமோ என்று நீங்கள் வினவலாம். ஆகாது. கண்டவற்றுள் வேண்டுவனவற்றைத் தேர்ந்து, முறைப்பட அமைத்தல் வேண்டும். அதற்குரிய வழியைத் தொல்காப்பியர் முன்னரே காட்டியுள்ளார். முதல், கரு, உரி எனப் பொருளை மூவகையாகப் பகுத்தார் அவர். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கமே உரிப்பொருள். இவற்றுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன. பாட்டுக்கு வகுத்த இம்முறை இன்று கதை எழுதுவார்க்கும் பொருந்துவதாம்.

சான்றாக ஒன்று காண்போம். வைகறைப் பொழுது, வாய்க்காலின் கடைமடை. இது முதல். மதகு, மண்வெட்டி, வாடிய நாற்று, வரப்பில் நிற்கும் கொக்கு ஆகியவை கரு. நீர் வருமோ வாராதோ என்று முதியவர் ஒருவர் காத்திருக்கின்றார். அவர்தம் ஏக்கம் உரி. இனி, ‘முதியவர் மிகவும் கவலையுற்றார்’ என்று எழுதின், அது செய்தியாய் முடியும். ‘முதியவர் மண்வெட்டியை ஒரு தோளினின்று மறுதோளுக்கு மாற்றினார், குனிந்து மதகுப் பலகையைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் இல்லாத விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்’ என்று எழுதின், கவலை என்னும் சொல் இன்றியே கவலை விளங்கும். உரிப்பொருளைக் கருப்பொருளின் வாயிலாகப் புலப்படுத்துதல் என்பது இதுவே.

இவ்வுண்மையை யான் ஏட்டில் கற்றிருந்தும், நாட்டில் கற்றது பின்னரேயாம். 2005-ஆம் ஆண்டு கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின், வகுப்பு மாணவர்களை அதுபற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். பலர், ‘இயற்கை அன்னை சீற்றங்கொண்டாள்’ என்றே தொடங்கியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் வேறாக எழுதியிருந்தான். தன் தாய் விதைநெல் மூட்டையை முதலில் பரணில் ஏற்றினாள் என்றும், அதன்பின்னரே தம்பியை ஏற்றினாள் என்றும், அதற்காகத் தம்பி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை என்றும், நீர் வடிந்தபின் சுவரில் நின்ற சேற்றுக்கோடு தம்பியின் தோளளவு இருந்தது என்றும் எழுதியிருந்தான். யான் அதன் அடியில் சிவப்பு மையால், ‘சொல்லழகு இல்லை’ என்று எழுதிக் குறைந்த மதிப்பெண் இட்டேன்.

சில திங்கள் கழித்துக் கோடையைப்பற்றி எழுதச் சொன்னேன். அம்மாணவன், ‘ஆதவன் தன் செங்கதிர்க் கரங்களை நீட்டினான்’ என்று தொடங்கி, அடுக்கு மொழிகளால் இரண்டு பக்கங்களை நிரப்பியிருந்தான். அதனைப் படித்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. அதில் அவன் வீடு இல்லை, தாய் இல்லை, தம்பி இல்லை, அவனே இல்லை. காணும் கண் பெற்றிருந்த ஒருவனைக் கண்மூடி எழுதுமாறு பழக்கியவன் யானே என உணர்ந்தேன். அவனை அழைத்து என் பிழையைக் கூறி, வெள்ளக் கட்டுரையை மீண்டும் கொணருமாறு கேட்டேன். “நன்றாயில்லை என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன், ஐயா” என்றான் அவன். அத்தாளுக்கு ஈடாக யான் கொடுக்கத்தக்கது ஒன்றும் என்னிடம் இருந்ததில்லை. அன்று முதல், எந்த மாணவன் ஏட்டிலும் சிவப்பு மை இடுமுன், அவன் கண்டது எது என்று தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சொல்லழகு வேண்டா என்பது என் கருத்தன்று. பொருளுக்குப் பொருந்திய சொல்லே அழகிய சொல்லாகும். எழுதி முடித்தபின் அதனைத் திருத்துதற்கு நன்னூல் நமக்குத் துணைசெய்யும். பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும், அழகுகள் பத்து என்றும் வகுத்தார். ‘மிகைபடக் கூறல்’ ஒரு குற்றம். ‘மற்றொன்று விரித்தல்’ ஒரு குற்றம். பயனற்ற சொற்களைத் தொடுக்கும் ‘வெற்றெனத் தொடுத்தல்’ ஒரு குற்றம். மேற்கூறிய மாணவன் கோடையைப்பற்றி எழுதியது இம்மூன்றாவது குற்றத்திற்கு இலக்காயிற்று. அதற்குக் காரணமாயிருந்தவன் யான். நீங்கள் எழுதியதை ஒருநாள் மூடி வைத்து, மறுநாள் உரக்கப் படித்துப் பாருங்கள். எச்சொல்லை நீக்கினும் பொருள் குறையவில்லையோ, அச்சொல்லை நீக்கிவிடுங்கள்.

எழுத்துத் திறன் ஒருநாளில் வாய்ப்பதன்று. இதே லால்குடி தந்த இசைமேதை ஜெயராமன் (1930–2013) தம் தந்தையார் கோபால ஐயரிடம் வயலின் பயின்றார். வாய்ப்பாட்டின் குழைவையெல்லாம் வில்லில் எழுப்பியவர் என உலகம் அவரைப் போற்றியது. அத்தகைய இசைக்கும் சரளி வரிசையே தொடக்கம். எழுத்துக்கும் அத்தகைய பயிற்சி உண்டு. நாள்தோறும் அன்று கண்ட ஒன்றைப்பற்றிப் பத்து வரி எழுதுதலே அது. வீட்டுத் திண்ணை, சந்தையில் விலை பேசும் மூதாட்டி, பள்ளி மணி அடிப்பவர் கை ஆகிய எதுவும் பொருளாகலாம்.

மாணவர்களே! பிறர் சொல்லைக் கடன்வாங்கி எழுதும் கட்டுரை பலராலும் எழுதப்படக்கூடியது. உங்கள் வீட்டுச் சுவரில் நின்ற சேற்றுக்கோட்டை உங்களையன்றி வேறொருவர் எழுத இயலாது. காணுங்கள், தேருங்கள், திருத்துங்கள். முதலில் எழுதிய தாள் எத்துணை எளியதாயினும், எவர் என்ன கூறினும், அதனைக் கிழித்தெறியாது போற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. முதல், கரு, உரி ஆகியவற்றை ஆசிரியர் எந்நிகழ்ச்சியால் விளக்குகின்றார்?
2. ஆசிரியர் தம் பிழையை உணர்ந்தது எவ்வாறு?
3. இன்று காலை நீங்கள் கண்ட ஒன்றைப்பற்றி, உணர்ச்சியின் பெயரைக் கூறாது அவ்வுணர்ச்சி விளங்குமாறு பத்து வரி எழுதுக.