ஊரார் கொடையும் பள்ளித் தோட்டமும்

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பார்கள். தேரை நிலையினின்று கிளப்புவதற்கு எத்தனையோ கைகள் முன்வருகின்றன. வெயில் ஏறிய பிறகு, நான்காம் வீதி திரும்பும்போது, வடத்தை விடாமல் பிடித்திருப்பவர் எத்தனை பேர் என்பதைக் கொண்டே அவ்வூரின் ஒற்றுமையை அளந்தறிதல் வேண்டும். பள்ளிக்கூடத்திற்கு ஊரார் புரியும் உதவியும் இத்தகையதே.

விழாக் கொண்டாடும் நாளில் நன்கொடை குவிகிறது. ஒருவர் மின்விசிறி தருகிறார். மற்றொருவர் நீர்த்தொட்டி கட்டித் தருகிறார். கொடையாளர் பெயர்கள் சுவரில் பொறிக்கப்படுகின்றன. இரண்டு ஆண்டு கழித்து அப்பள்ளிக்குச் சென்றால், பெயர்கள் மங்காமல் இருக்க, தொட்டியின் குழாய் மட்டும் உடைந்து கிடப்பதை நாம் காண்கிறோம். கொடுத்தவர் உள்ளத்தில் குறையில்லை. கொடுத்த முறையில்தான் குறை. பெருங்கொடை ஒருநாளில் முடிந்துவிடுகிறது. பள்ளியின் தேவையோ நாள்தோறும் பிறக்கிறது. நாள்தோறும் பிறக்கும் தேவைக்கு நாள்தோறும் வரும் சிறு கொடையே ஏற்றது. அதனை எவ்வாறு அமைப்பது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் எண்ணிப் பார்க்கும் பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அன்று ஊரார் செய்தது

நம் மாநிலத்தில் இதற்குச் சிறந்ததொரு முன்மாதிரி உண்டு. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1956ஆம் ஆண்டில், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே மதிய உணவளிக்கும் பணி ஊராரின் கொடையைக் கொண்டே தொடங்கப்பெற்றது. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையாக நின்றார். பசித்த வயிறோடு பிள்ளை பள்ளிக்கு வராது, வந்தாலும் பாடம் மனத்திற் பதியாது என்பதே அப்பணியின் அடிப்படை. 1957ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அரசு மானியம் அளிக்க முன்வந்தது. ஓர் உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்பது என்று வகுக்கப்பட்டது.

1958ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டப்பெற்றது. அவ்வியக்கம் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. இன்ன பள்ளிக்கு இன்னின்ன பொருள் வேண்டும் என்று தேவைகளைப் பட்டியலாக எழுதி ஊரார் முன் வைப்பது அவ்வியக்கத்தின் வழக்கம். நிலம், கட்டடம், கரும்பலகை, கடிகாரம், சீருடை என இயன்றதை இயன்றவர் ஏற்றுக்கொண்டனர். தேவையை முதலில் அறிந்து, பின்னர் கொடுப்பது என்னும் இவ்வொழுங்கு இன்றும் நாம் பின்பற்றத்தக்கதாகும்.

ஆயினும் அந்நாளைய ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. எவ்வூரில் வறுமை மிகுதியோ அவ்வூரில் கொடுப்பவர் குறைவு. மழை பொய்த்த ஆண்டில் பிள்ளையின் பசி கூடும், கொடை குறையும். ஆதலின் பிள்ளையின் உணவு ஊராரின் கருணையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் மூலம் அரசே இப்பொறுப்பைப் பேரளவில் ஏற்றது. சமைத்த மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட வேண்டும் என 2001ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நம் மாநிலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. உணவு இன்று பிள்ளைகளின் உரிமையாகும். இது பெரும் முன்னேற்றம். அதே வேளையில், பள்ளி நம்முடையது என்று அன்றாடம் நினைக்கும் பழக்கம் ஊராரிடத்தே தளர்ந்துவிட்டதையும் மறைப்பதற்கில்லை.

இன்று குறைவது எது?

அன்று குறைந்தது அரிசி. இன்று அரிசியும் பருப்பும் எண்ணெயும் முட்டையும் அரசின் வழியாக வருகின்றன. காய்கறிக்குத் தொகை வருகிறது. காயை உள்ளூரில் வாங்கவேண்டும். சந்தையில் விலை ஏறும் மாதங்களில் குழம்பில் காய் குறைவது இயல்பு. கீரையும் பழமும் அரிதாகவே தட்டுக்கு வருகின்றன. ஆகவே பள்ளிக்கு உதவ விரும்பும் ஊரார் இன்று மூட்டை மூட்டையாக அரிசி தருவதைவிட, கீரையும் காயும் பழமும் தருவதே பொருந்தும்.

எவ்வளவு வேண்டும்? மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறியும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 75 கிராமும் வேண்டும். 60 பிள்ளைகள் உண்ணும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு வேண்டுவது 3 கிலோ. மாதத்தில் 22 நாள் பள்ளி நடந்தால் 66 கிலோ. கேட்கும்போது பெரிதாகத் தோன்றும் இத்தொகையை 22 வீடுகள் பகிர்ந்துகொண்டால், ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு நாள், 3 கிலோ மட்டுமே. கத்தரி பயிரிடும் விவசாயிக்கு இது ஒரு பாரமன்று.

முறை வைத்துக் கொடுத்தல்

ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதை நம் விவசாயிகள் அறிவர். இன்று இன்னார் வயலுக்கு, நாளை இன்னார் வயலுக்கு என்னும் ஒழுங்கு இல்லையேல் கடைமடை காய்ந்துவிடும். அவ்வொழுங்கையே பள்ளிக்கும் கொணர்தல் வேண்டும். மாதத்தின் பள்ளி நாட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வீட்டாரின் முறையைக் குறிக்கலாம். தம் முறை நாளில் வர இயலாதவர் முன்னதாகச் சொல்லி மற்றொருவரோடு மாற்றிக்கொள்ளலாம்.

நிலமில்லாதவரும் இதில் விலகி நிற்க வேண்டியதில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரை தருவதும் முறையே. பள்ளித் தோட்டத்திற்கு ஒருநாள் நீர் ஊற்றுவதும் முறையே. ஆனால் இது வரியன்று. கொடுக்க மனமிருப்பவர் மட்டும் தம் பெயரைத் தரட்டும். கொடாதவர் வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் பரிமாறுவதில் அணுவளவும் வேறுபாடு கூடாது.

விவசாயிகள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த காயை, அம்மருந்துக்குக் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் பறித்துத் தருதல் ஆகாது. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சமைக்கத் தயங்கும் காயைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்பதே எளிய விதி.

மூன்று சென்ட் தோட்டம்

முறைக் கொடைக்குத் துணையாக நிற்பது பள்ளித் தோட்டம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. எனினும் ஆர்வத்தோடு தொடங்கிய தோட்டங்கள் பல, மூன்று காரணங்களால் அழிகின்றன: ஆடு மேய்தல், நீரின்மை, கோடை விடுமுறை. இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகே விதையைக் கையில் எடுக்கவேண்டும்.

ஆட்டைத் தடுக்க வேலி வேண்டும். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டால் செலவின்றி உயிர்வேலி உண்டாகும். நீருக்குத் தனிக் கிணறு தேட வேண்டியதில்லை. பிள்ளைகள் கையும் தட்டும் கழுவும் நீரை ஒரு வாய்க்கால் வழியே வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பலாம். கீரைப் பாத்திகளுக்கு நல்ல நீரே ஏற்றது. கோடை விடுமுறைக்கு விடை, முன்னர்க் கூறிய முறையே. ஏப்ரலில் கடைசிக் காய் பறித்தபின் பாத்திகளை ஓய்வாக விட்டு, மே மாதத்தில் மரங்களுக்கு மட்டும் வீட்டுக்கொரு நாள் நீர் ஊற்றினால் போதும்.

மூன்று சென்ட், அதாவது ஏறக்குறைய 1,300 சதுர அடி இடம் இருந்தால் தொடங்கலாம். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. அப்போதுதான் இருபுறமும் நின்று களையெடுக்கும் கைகள் நடுப்பகுதியை எட்டும். நீளம் 10 அடி. இவ்வாறு 12 பாத்திகள் அமைத்து, இடையே ஒன்றரை அடி நடைபாதை விடுக. மழைக்காலத்தில் பாத்தியை மேடாகவும், வறண்ட காலத்தில் சற்றுத் தாழ்வாகவும் அமைத்தல் நலம்.

நான்கு பாத்திகளைக் கீரைக்கு ஒதுக்குக. நான்கிலும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் கீரை மிகுந்து, பின் ஒரு மாதம் ஒன்றுமின்றிப் போகும். வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால், முளைக்கீரையும் சிறுகீரையும் 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வருமாதலால், முதல் மாதத்திற்குப்பின் வாரந்தோறும் கீரை கிடைக்கும். மற்றப் பாத்திகளில் வெண்டையை ஒன்றரை அடி, ஓரடி இடைவெளியிலும், கத்தரியை இரண்டடி இடைவெளியிலும் நடலாம். கொத்தவரையும் தக்காளியும் ஏற்றவை. ஆடிப்பட்டத்தில் அவரையும் சுரையும் பீர்க்கும் ஊன்றி வேலியின்மேல் படரவிடலாம். ஓரத்தில் முருங்கை இரண்டு, கறிவேப்பிலை ஒன்று, பப்பாளி இரண்டு இருத்தல் வேண்டும். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரத்தக்கது.

காய்கறித் தோலையும் உதிர்ந்த இலையையும் சாணத்தோடு குழியில் இட்டு மக்கவைத்தால் எரு ஆயத்தம். பூச்சி கண்டால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் கூட்டிப் பெரியவர்கள் தெளிக்கலாம். இரசாயன மருந்து பள்ளி எல்லைக்குள் வருதலே கூடாது.

இத்தோட்டம் பிள்ளைகளுக்குப் பாடமாகுமேயன்றி வேலையாகலாகாது. குழி தோண்டுவதும் நீர் இறைப்பதும் பெரியோர் கடன். விதை எண்ணுவதும், செடியின் உயரத்தை அளந்து எழுதுவதும், பறித்ததை நிறுப்பதும் பிள்ளைகளின் கணக்கும் அறிவியலும் ஆகும்.

கணக்கும் கண்ணியமும்

கொடை நிலைப்பதற்குக் கணக்கே காவல். வந்த நாள், வீட்டார் பெயர், பொருள், எடை, சமைத்த அளவு ஆகிய ஐந்தையும் ஒரு பதிவேட்டில் குறித்தல் வேண்டும். கொடை வந்ததால் அரசு தரும் காய்கறித் தொகை மிச்சமாயிற்று என்று கொள்ளுதல் தவறு. அத்தொகைக்குரிய காயும் தட்டில் விழவேண்டும். கொடையும் அதன்மேல் கூடவேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பதிவேட்டைப் பார்வையிடும் பொறுப்பை அக்குழுவின் தாய்மார்களிடம் ஒப்படைத்தல் சாலவும் நன்று. குழம்பில் காய் இருந்ததா என்பதைப் பிள்ளையைக் கேட்டே அவர்கள் அறிந்துகொள்வர்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமானதொன்றைக் கூறவேண்டும். கொடை பெறும் பிள்ளை தலைகுனியும்படி கொடுப்பது கொடையாகாது. ஏழைப் பிள்ளையை முன்னே நிறுத்திப் படம் எடுத்தல், பிறந்தநாள் விருந்தென்று சிலரை மட்டும் தனியே அமர்த்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். சமைப்பவர் எச்சாதியினர் என்று பார்த்து உணவை மறுக்கும் இழிவு இக்காலத்திலும் சில இடங்களில் தலைகாட்டுவது நமக்கு வெட்கம் தருவது. இத்தகைய ஊர் எத்தனை கிலோ காய் கொடுத்தும் என்ன பயன்? பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முறை நாளில் தாமே பள்ளிக்குச் சென்று, பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து, அதே உணவை உண்ணட்டும். அது ஆயிரம் சொற்பொழிவுக்குச் சமம்.

செய்யவேண்டுவது இதுவே. மே முதல் நாள் கூடும் கிராம சபையில் பள்ளியின் தேவைப் பட்டியலைப் படித்து, முறைக்குப் பெயர் எழுதுக. ஜூனில் பள்ளி திறந்ததும் பாத்தி கட்டுக. அக்டோபர் 2ஆம் நாளும், ஜனவரி 26ஆம் நாளும் கூடும் சபைகளில் பதிவேட்டைப் படித்துக் காட்டுக. இருபத்திரண்டு வீடுகள் கிடைக்காத ஊரில் பத்து வீடுகளோடு தொடங்கலாம். பத்து நாள் தவறாமல் நடக்கும் முறையைக் கண்டால் பதினோராம் வீட்டார் தாமே வருவர். தேர் நான்காம் வீதியிலும் நில்லாமல் செல்வதற்கு, வடத்தில் நம் கை ஒன்று எப்போதும் இருக்கட்டும்.