அம்மாவின் கோல நோட்டு

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு, தமிழர் வீடுகள் பலவற்றில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டு கீழே இறங்கும். அட்டை கிழிந்திருக்கும், ஓரங்கள் பழுப்பேறியிருக்கும். உள்ளே பக்கம் பக்கமாகக் கோலங்கள். அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வரைந்தவையும் வார இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டியவையும் அதில் கலந்து கிடக்கும். வீட்டிலுள்ள தாய் பல ஆண்டுகளாகச் சேர்த்த செல்வம் அது. நகையையும் பட்டுப்புடவையையும் பத்திரப்படுத்தும் பிள்ளைகள், இந்த நோட்டைப் பழைய தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவதும் உண்டு.

நோட்டைக் காப்பாற்றிவிட்டால் மட்டும் கோலம் காப்பாற்றப்பட்டுவிடுமா? அங்கேதான் சிக்கல் இருக்கிறது. பல நோட்டுகளில் படத்தின் பாதிதான் இருக்கும். மீதி, வரைந்தவருக்குத் தெரியும் என்பதால் விடுபட்டிருக்கும். சில பக்கங்களில் ‘7 புள்ளி’ என்ற குறிப்பு மட்டுமே காணப்படும். அது போதாது. புள்ளிகளை ஒன்றன் நேர்கீழ் ஒன்றாக வைத்து, இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே ஒன்றில் முடித்தால் அது நேர்ப்புள்ளி. 7, 5, 3, 1 என வரிசைகள் மேலும் கீழும் அமைய, மொத்தம் 25 புள்ளிகள் கிடைக்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தால் அது ஊடுபுள்ளி. 7இல் தொடங்கி 4 வரை வைத்தால் மொத்தம் 37 புள்ளிகள். தொடக்கம் ஒன்றே, கோலமோ வேறு. எனவே, எத்தனை புள்ளி, எந்த வகை, எதுவரை என்னும் மூன்றையும் தாயிடம் கேட்டுப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வதே முதல் வேலை.

சிக்குக் கோலம் இன்னும் கடினம். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளையும் கோடு, பல கோலங்களில் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். முடிந்த படத்தைப் பார்த்து, கை எங்கே தொடங்கியது, எந்த வளைவுக்குப் பின் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லிவிட முடியாது. இந்த ஒழுங்கு ஆய்வாளர்களையும் ஈர்த்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் 1970களில் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கிக் கட்டுரைகள் எழுதினர். அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையே நடமாடிய பெண்கள், எந்த விதியையும் எழுதிவைக்காமலேயே அவற்றைக் கையில் வைத்திருந்தார்கள்!

ஆகவே, கோலத்தை மட்டுமன்றிக் கோலமிடும் கையையும் பதிவு செய்வது நல்லது. கைப்பேசியை எதிரே நிறுத்திப் படம் பிடித்தால் கோலம் தலைகீழாகத் தெரியும், பழகுபவர் குழம்பிப்போவார். வரைபவரின் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்திலிருந்து பிடிக்க வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு எப்படி இறங்குகிறது என்பதும் அதில் தெரிய வேண்டும். மாக்கோலத்திற்கு ஊறவைத்த அரிசியை அரைத்துக் கரைக்கும் பதம், அதில் நனைத்த துணியை உள்ளங்கையில் பிடிக்கும் விதம், காய்ந்தபின் சுற்றிலும் பூசும் காவி ஆகியவற்றை எந்த நோட்டும் சொல்வதில்லை.

தாளையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டின் ஈரப்பதம் தாளுக்குப் பகை. பூஞ்சையும் பூச்சியும் விரைவில் வந்துவிடும். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டினால், நாளடைவில் பசை மஞ்சளாகித் தாளையே கெடுக்கும். பாதுகாப்பு என்று நினைத்து நெகிழி உறை பூசி அழுத்திவிட்டால், பிறகு அதைப் பிரிக்க இயலாது. ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நோட்டைக் குளியலறைக்கும் சமையலறைக்கும் எட்டிய உலர்ந்த அலமாரியில் வைப்பதே எளிய வழி. புதிய குறிப்புகளைப் பென்சிலால் எழுதலாம். தாயின் கையெழுத்தின்மேல் மட்டும் எதையும் எழுதக்கூடாது.

இன்று அடுக்குமாடி வீட்டு வாசல்களில் ஒட்டுக்கோலங்கள் வந்துவிட்டன. பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலங்கள் இடுகிறார்கள். இவற்றைக் குறை சொல்லத் தேவையில்லை. அரை அடி வாசலில் மாவுக்கோலம் போட்டால் அண்டை வீட்டார் காலடியில் அழிந்துபோகும். ஆனால், ஒட்டுக்கோலம் எல்லா வாசலிலும் ஒன்றாகவே இருக்கும். நோட்டிலுள்ள கோலத்தில் தாய் தானாகச் சேர்த்த ஒரு தாமரை மொட்டோ, இடம் போதாமல் விட்ட ஒரு வளைவோ இருக்கும்.

சில கோலங்களுக்கு வீட்டுப் பெயர்களும் உண்டு. யார் சொல்லிக்கொடுத்தது, எந்தப் பொங்கலுக்கு முதலில் போட்டது என்பதை ஒட்டி அப்பெயர்கள் அமையும். அவை நோட்டில் இரா, கேட்டால்தான் கிடைக்கும். அடுத்த பண்டிகைக்கு மாவு சலிக்கும் வேளையில், ஒரு பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கலாம்.