குழாயைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

கான் ஓரத்தில் வழுக்கி, கட்டை மேல் கால் விரித்து விழுந்தால் ஆண்களுக்குச் சிறுநீர் வழி கிழிந்துவிடலாம். பிறகு அந்த இடம் தழும்பாகிச் சுருங்க, சிறுநீர் நூல் போலத்தான் வரும். இதை ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம். ஆனால் தையல் ஆறும் வரை சிறுநீர் வேறு வழியாக வடிய வேண்டும். அதற்குத்தான் கதீட்டர் என்ற குழாய்.

இதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, சிறுநீர் வழியாகவே விடும் குழாய். சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் அதன் முனையில் தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருப்பதால் நழுவாது. மற்றது, அடிவயிற்றில் சிறு துவாரம் போட்டு நேரே சிறுநீர்ப்பைக்குள் விடுவது. சிலருக்கு இரண்டும் வைப்பார்கள்.

பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் குழாய் இருக்கும். "வேலைக்குப் போகணும், பேர் போகுதே" என்று நாமே இழுத்தால் பலூன் தையலைக் கிழித்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். டாக்டர் சொல்லும் நாளில், ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும்.

லயத்தில் நாம் கவனிக்க வேண்டியவை:

1. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது.
2. குழாய் மடங்காமல், இழுபடாமல் பிளாஸ்டரால் ஒட்டி வையுங்கள்.
3. சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே பையைத் திறந்து ஊற்றுங்கள். நிரம்பி வழிய விடாதீர்கள்.
4. டாக்டர் தடுக்காவிட்டால், கொதித்தாறிய தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சிறுநீர் வடியாமல் வயிறு உப்பினாலும், குளிர் காய்ச்சல் வந்தாலும், இரத்தக்கட்டி வந்தாலும், குழாய் கழன்றாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம். கழன்ற குழாயைத் திரும்ப நுழைக்க யாரையும் விடாதீர்கள்.